இரவுக் காவலுக்கு ஆயுதம் வேண்டுமா? தெருக்கூட்டத்தில் வாதிடப் போகிறவர்களுக்கு

சேலத்தில் கோரிமேட்டைத் தாண்டி, ஏற்காடு சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில் குடியிருக்கிறேன். மின்வாரியத்தில் 28 ஆண்டுகள் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கும் கணக்கீட்டாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்த ஆண்டில்தான், இரவுக் காவலுக்குப் போகும் இளைஞர்கள் ஆயுதம் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி பிள்ளையார் கோயில் மண்டபத்துக்கு வந்தது. மூன்று கூட்டங்கள் நடந்தன. முதல் கூட்டத்தில் ஆயுதம் வேண்டாம் என்று மோசமாக வாதிட்டுத் தோற்றேன். தோற்றதன் பலனை நானல்ல, வேறொருவர் அனுபவித்தார். உங்கள் தெருவிலும் இதே பேச்சு எழுந்திருந்தால், கூட்டத்துக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

பறிகொடுத்தவர் முதலில் பேசட்டும்

முதல் கூட்டத்தில் செயலாளர் என்ற முறையில் நானே முதலில் எழுந்தேன். திருடனைப் பிடிப்பது போலீஸின் வேலை, நாம் ஏன் தடியைத் தூக்க வேண்டும் என்று கேட்டேன். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையிலிருந்து கூலிக்கு வெள்ளி வாங்கி வந்து வீட்டிலேயே கொலுசு பற்றவைக்கும் குடும்பம் அவருடையது. "அண்ணா, எங்கள் வீட்டிலிருந்து போனது பட்டறைக்காரருடைய வெள்ளி. இரண்டு கிலோ. அதை அடைக்க நாங்கள் எத்தனை வருடம் உழைக்க வேண்டும் தெரியுமா? உங்கள் வீட்டிலிருந்து என்ன போனது?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. கொலுசுத் தொழில் தெரிந்த சேலத்துக்காரர்களுக்கு அந்த இரண்டு கிலோவின் கனம் புரியும். நம்பிக்கையின் பேரில் கைமாறும் வெள்ளி அது. தொலைத்தவருக்குக் கடனும் சேரும், பெயரும் போகும், அடுத்த வேலையும் வராது. அவர் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் கைகளைத் தூக்கி முடிவெடுத்துவிட்டார்கள். இரவு 11 முதல் 4 வரை முறைவைத்து ரோந்து. கையில் தடி, இஷ்டப்பட்டவர்கள் அரிவாள். ஒரு பையனிடம் ஏர்கன் இருந்தது. மலைமேல் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், தேவைப்பட்டால் தன்னுடைய உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தருவதாகச் சொன்னார். கைதட்டல் எழுந்தது.

ஆகவே, முதல் வேலையாகப் பறிகொடுத்தவர்களைப் பேசவிடுங்கள். இடையில் வெட்டாதீர்கள். பேசி முடித்ததும் எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த வழியாக உள்ளே வந்தார்கள், என்ன போனது என்று கேட்டு, நோட்டில் எழுதி, எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். சரிதான் என்று அவர்கள் சொன்ன பிறகு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். இது மரியாதை. இதனால் காரியமும் ஆகும். எங்கள் தெருவில் நடந்த 3 திருட்டுகளையும் பிறகு இப்படி எழுதிப் பார்த்தபோது, இரண்டு திருட்டுகள் வீடு பூட்டியிருந்த பகல் நேரத்தில், 11 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் நடந்தவை என்று தெரிந்தது. நாங்கள் காவல் போட்டிருந்ததோ இரவுக்கு. முதல் கூட்டத்திலேயே இதைக் கேட்டிருந்தால் பேச்சு வேறு திசையில் போயிருக்கும்.

அந்த இரவு

ரோந்து தொடங்கிய பதினொன்றாம் நாள், இரவு ஒன்றரை மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். "மாமா, ஒருவனைப் பிடித்துவிட்டோம், வாருங்கள்."

தெருமுனை மின்கம்பத்தில் ஒருவரைத் துணி உலர்த்தும் கயிற்றால் கட்டியிருந்தார்கள். முப்பது வயதுக்குள் இருக்கும். இடது முழங்காலுக்குக் கீழே தடி பட்டு வீங்கியிருந்தது. ஒரு பையன் அவர் முகத்துக்கு நேராக ஏர்கன்னை நீட்டிக்கொண்டு நின்றான். அந்தப் பையனுக்குப் பெயர் வைத்த நாளில் அவர்கள் வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். கட்டப்பட்டவர் "எஸ்டேட், எஸ்டேட்" என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பையில் சப்பாத்திப் பொட்டலம், ஒரு ஜோடி குழந்தைச் செருப்பு, ஒரு கிலோ சர்க்கரை. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துத் தொழிலாளர் லயன் வீட்டில் குடும்பத்தோடு இருப்பவர். ஜார்க்கண்ட்காரர். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கச் சேலத்துக்கு இறங்கி வந்து, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, அடிவாரம் வரை நடந்துபோனால் விடியற்காலையில் மேலே ஏறும் ஏதாவது ஒரு வண்டி கிடைக்கும் என்று நடந்திருக்கிறார். தண்ணீர் குடிக்கக் குழாயைத் தேடி எங்கள் தெருவுக்குள் திரும்பியிருக்கிறார். அவருடைய மேஸ்திரியைச் செல்பேசியில் பிடித்த பிறகுதான் இவ்வளவும் தெரிந்தது. அதற்குள் ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது.

நான் கயிற்றை அவிழ்க்கச் சொல்லவில்லை. "போலீஸ் வரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மற்றவர்களோடு நின்றேன். போலீஸுக்கு யாருமே போன் செய்யவில்லை என்பது காலையில் தெரிந்தது. ஒவ்வொருவரும் இன்னொருவர் செய்திருப்பார் என்று நினைத்திருக்கிறார்கள். நானும்தான்.

அவர் எந்தப் புகாரும் கொடுக்கவில்லை. நொண்டிக்கொண்டே சாலைக்குப் போனார். செருப்புப் பையை மறந்துவிட்டுப் போனார். மறுநாள் ஒரு காய்கறி வண்டிக்காரரிடம் கொடுத்து மேலே அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததா என்று இன்றுவரை தெரியாது.

கேள்வியைப் பிரித்து வையுங்கள்

இரண்டாவது கூட்டத்துக்கு முன் ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்தேன். "காவல் வேண்டுமா" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். அந்த ஆமுக்குள்ளேயே தடியும் அரிவாளும் துப்பாக்கியும் புகுந்துவிடுகின்றன. எனவே கேள்வியை மூன்றாக எழுதி மண்டபச் சுவரில் ஒட்டினேன். எதைப் பார்த்தால் ஒருவரை நிறுத்திக் கேட்கலாம்? நிறுத்திய பிறகு என்ன செய்யலாம்? அதற்குக் கையில் என்ன இருக்க வேண்டும்? ஆயுதக் கேள்வியைக் கடைசியில் வையுங்கள். முதலில் வைத்தால், ஆயுதம் வேண்டாம் என்பவர் கோழை என்ற பேச்சோடு கூட்டம் முடிந்துவிடும்.

என்ன செய்தார் என்று கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் நான் அதிக நேரம் செலவிட விரும்புவது இந்த இடத்தில்தான். எந்தத் தெருக்கூட்டத்திலும் அதிகம் புழங்கும் சொல் "சந்தேகப்படும்படியான ஆள்". அந்தச் சொல்லில் ஓர் ஆள் இருக்கிறார், செயல் எதுவும் இல்லை. அப்படி யாராவது பேசினால், கோபப்படாமல் கேளுங்கள்: "சரி தம்பி, அவர் என்ன செய்தார்?" பதில் ஒரு வினைச்சொல்லில் முடியும்வரை விடாதீர்கள். பூட்டை இழுத்துப் பார்த்தார், சுவரேறினார், மூன்று வீட்டு கேட்டைத் தள்ளினார் என்றால் அவை செயல்கள். "வடநாட்டான் போல இருந்தான்", "ஆளைப் பார்த்தாலே தெரிந்தது", "இந்த நேரத்தில் இங்கே என்ன வேலை" என்பவை நம் மனத்தில் நடந்தவை. எங்கள் கூட்டத்தில் அந்த இரவு பிடித்த இளைஞர்களிடம் இதைக் கேட்டேன். கடைசியில் கிடைத்த வினைச்சொல் ஒன்றுதான்: "நடந்தார்". டார்ச் அடித்ததும் வேகமாக நடந்தார். கையில் தடியோடு நான்கு பேர் டார்ச் அடித்தால் நானும் வேகமாகத்தான் நடப்பேன்.

வினைச்சொல் கிடைத்துவிட்டால் போதாது. அடுத்து, "இதையே நம் வீட்டுப் பையன் செய்திருந்தால்?" என்று கேளுங்கள். இதை என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது. 28 ஆண்டுகள் நான் செய்தது என்ன? அழைக்காத வீட்டுக்குள் கேட்டைத் திறந்து நுழைந்தேன். பக்கச் சந்தில் ஜன்னலை ஒட்டி நின்றேன். டார்ச் அடித்து எதையோ பார்த்தேன். குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டிலும் இதைச் செய்தேன். திருடன் நோட்டம் பார்ப்பதும் இப்படித்தான் இருக்கும். என்னை யாரும் கம்பத்தில் கட்டவில்லை. என் தமிழும் என் முகமும் அவர்களுக்குத் தெரிந்தவை. புதிய பகுதிக்கு மாற்றலாகிப் போன முதல் மாதத்தில் ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அன்று என் செயலில் எந்த மாற்றமும் இல்லை, பார்த்தவர்கள்தான் வேறு.

கணக்கெடுக்கப் போகும்போது வீடு பூட்டியிருந்தால் முந்தைய தடவையின் தொகையையே போட்டுவிட்டு வருவது வழக்கம். மீட்டரைப் பார்க்காமல் எழுதிய எண் அது. எழுதியவனுக்கும் தெரியும், கட்டுகிறவருக்கும் தெரியும். அடுத்த தடவை திறந்து பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றி நாம் கொள்ளும் சந்தேகமும் பூட்டிய வீட்டுக்கு எழுதிய எண்தான். எழுதலாம், தவறில்லை. திருத்த இடம் விட்டு எழுத வேண்டும். தடியும் குண்டும் அந்த இடத்தை அழித்துவிடுகின்றன. கூட்டத்தில் இதைச் சொன்னபோதுதான் முதல் முறையாகச் சில தலைகள் ஆடின.

பழைய வரலாறு ஒன்றையும் சொல்லுங்கள். ஆங்கிலேயர் 1871இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்தாலே சந்தேகத்துக்குரியவர். பெயரைப் பதிந்து, கைரேகை கொடுத்து, ஊர்விட்டு ஊர் போக அனுமதி கேட்க வேண்டும். நாடு முழுவதற்குமாக அந்தச் சட்டம் ஒழிந்தது 1952இல். அந்தச் சட்டத்தின் கீழ் இருந்தவர்களைத் தமிழக அரசு சீர்மரபினர் என்கிறது. அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் "சேலம் மேல்நாடு கொறவர்", "சேலம் உப்புக் கொறவர்" என்று நம் ஊர்ப் பெயரோடு இரண்டு பிரிவினர் இருக்கிறார்கள். இரண்டாவது பெயரிலேயே அவர்கள் சுமந்த சரக்கு இருக்கிறது. நாங்கள் "ஆளைப் பார்த்தாலே தெரிந்தது" என்று சொன்ன மண்டபம், அந்த மக்களின் பெயரில் இருக்கும் அதே ஊரில்தான் இருக்கிறது.

வினைச்சொல் இருந்தும் கொலை நடந்திருக்கிறது என்பதையும் மறைக்காதீர்கள். 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிய நாட்களில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. கடத்த வந்தவர்கள் என்று நினைத்து, அந்தக் குடும்பத்தின் 65 வயதுப் பெண்மணி ஒருவரைக் கூட்டமாக அடித்தே கொன்றுவிட்டார்கள். மிட்டாய் கொடுத்தார் என்பது செயல்தான். அதற்கு இரண்டு பொருள் இருக்கலாம் என்று ஒருவராவது நின்று கேட்டிருந்தால் அவர் வீடு திரும்பியிருப்பார்.

நிமிடத்துக்கு நிமிடம் நடக்கவையுங்கள்

ஆயுதத்துக்கு வந்ததும் கொள்கை பேசாதீர்கள். ஆயுதம் கேட்கும் இளைஞரை எழுப்பி நிற்கவைத்து, அந்த இரவை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். நான் இப்படித்தான் கேட்டேன். "மணி 1.40. சந்தில் ஒருவர் நிற்கிறார். என்ன செய்வாய் தம்பி?" யாரென்று கேட்பேன். "பதில் இல்லை." கிட்டே போவேன். "ஓடுகிறார்." துரத்துவேன். "திரும்பி நின்று சட்டைக்குள் கையை விடுகிறார்." அவன் நிறுத்திவிட்டான். என்ன எடுக்கிறார் என்று தெரியாதே என்றான். "தெரியாது. உன் கையில் துப்பாக்கி இருக்கிறது. அவர் எடுப்பது செல்பேசியாகவும் இருக்கலாம்." மண்டபம் அமைதியானது. வெறுங்கையோடு இருந்தால் துரத்தியிருப்பாயா என்று கேட்டேன். மாட்டேன், விசில் அடித்திருப்பேன் என்றான். நேர்மையான பிள்ளை. துப்பாக்கி அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் என்று அவனே கண்டுகொண்டான்.

இந்த இடத்தில் சான்ஃபோர்டு வழக்கைச் சொல்லுங்கள், முழுதாகச் சொல்லுங்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள ஊர் அது. 2012 பிப்ரவரி 26 இரவு, குடியிருப்புக் காவல் தன்னார்வலரான ஜார்ஜ் சிம்மர்மன், மழையில் நடந்து வந்த ஓர் இளைஞனைப் பார்த்துப் போலீஸுக்குப் போன் செய்தார். அந்தக் குடியிருப்பில் முன்பு திருட்டுகள் நடந்திருந்தன. அதுவரை அவர் செய்தது சரி. பிறகு வண்டியைவிட்டு இறங்கிப் பின்தொடர்ந்தார். போனில் இருந்தவர், நீங்கள் அதைச் செய்யத் தேவையில்லை என்றார். சில நிமிடங்களில் இருவருக்கும் கைகலப்பு, ஒரு குண்டு. சிம்மர்மன் சுட்டதில் இறந்த அந்த இளைஞன் டிரேவான் மார்ட்டினுக்கு 17 வயது. கடையில் மிட்டாயும் ஒரு குளிர்பானமும் வாங்கிக்கொண்டு, அப்பா வந்து தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். கையில் ஆயுதம் இல்லை. குண்டு வெடித்த ஓரிரு நிமிடங்களில் போலீஸ் வந்து சேர்ந்துவிட்டது.

உங்கள் தரப்பினர் பலர் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள். 2013 ஜூலையில் நடுவர் குழு சிம்மர்மனைக் குற்றவாளி இல்லை என்று விடுவித்தது. அவர் உடலிலும் காயங்கள் இருந்தன. தற்காப்புக்காகச் சுட்டார் என்பது அவர் தரப்பு. இதை நீங்கள் சொல்லாவிட்டால் எதிர்த்தரப்பு சொல்லும், அதோடு உங்கள் பேச்சு அத்தனையும் பொய்யாகத் தெரியும். நீங்களே சொல்லிவிட்டால் வாதம் வலுக்கிறது. நீதிமன்றம் விடுவித்த பிறகும் அந்தப் பையன் இறந்தவன்தான். காயம் பட்ட அவரும், வண்டியிலேயே உட்கார்ந்து காத்திருந்தால் காயமில்லாமல் இருந்திருப்பார். தெருக்காவல் திட்டத்தை 1972இல் அங்கே நாடளவில் தொடங்கிய தேசிய ஷெரீஃப்கள் (மாவட்டக் காவல் தலைவர்கள்) சங்கத்தின் கையேடே, ரோந்து போகிறவர்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்கிறது. துப்பாக்கி சாதாரணமாகப் புழங்கும் நாட்டில், அந்தத் திட்டத்தை உருவாக்கியவர்களே சொன்னது அது.

ஜார்ஜியா மாநிலத்தில் 2020 பிப்ரவரியில் நடந்ததன் முடிவு வேறு. ஓடிக்கொண்டிருந்த 25 வயது அகமது ஆர்பரியைத் திருடன் என்று சந்தேகித்து மூன்று பேர் வண்டிகளில் துரத்தினார்கள். ஒருவர் சுட்டுக் கொன்றார். பொதுமக்களே கைது செய்யலாம் என்ற 1863ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டித் தப்பப் பார்த்தார்கள். 2021இல் அந்தச் சட்டத்தை மாநிலம் நீக்கியது. அந்த நவம்பரில் மூவரும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. இரண்டு வழக்குகளையும் சேர்த்தே சொல்லுங்கள்.

"நமக்கும் பிடிக்க உரிமை இருக்கிறதே"

யாராவது ஒருவர் நிச்சயம் இதைச் சொல்வார். அவர் சொல்வதில் பாதி உண்மை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவுப்படி பொதுமக்களில் யாரும் ஒருவரைப் பிடிக்கலாம். ஆனால் பிடிபடுகிறவர், பிடிக்கிறவருடைய கண்முன்னே, பிணையில் விட முடியாத, பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றத்தைச் செய்திருக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் தேடப்படுபவராக அறிவித்தவராக இருக்க வேண்டும். பிடித்தவரைத் தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். நியாயமான சந்தேகத்தின் பேரில் கைது செய்யும் அதிகாரம் 35ஆம் பிரிவில் இருக்கிறது. அது போலீஸுக்கு மட்டும். "சந்தேகம்" என்ற சொல் 35இல் உண்டு, 40இல் இல்லை. கூட்டத்தில் இரண்டையும் படித்துக் காட்டுங்கள். நான் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன்.

எங்கள் தெரு செய்தது, தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 126, 127ஆம் பிரிவுகளில் வருகிறது: வழியை மறித்தல், அடைத்து வைத்தல். தற்காப்பு உரிமைக்கும் 37ஆம் பிரிவு எல்லை போட்டிருக்கிறது. அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை இல்லை. ஒன்றேகால் மணி நேரம் எங்களுக்கு இருந்தது. ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து சாதி, பிறந்த இடம், மொழி போன்ற காரணத்துக்காக ஒருவரைக் கொன்றால், சேர்ந்த ஒவ்வொருவருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்கிறது 103ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. அன்று கம்பத்தைச் சுற்றி நின்றவர்களை எண்ணினேன். என்னையும் சேர்த்துப் பதினான்கு பேர்.

மிளகுத் தோட்டத்துப் பெரியவரிடம் தனியாகப் போய்ப் பேசினேன். துப்பாக்கி உரிமம் ஒருவர் பெயருக்குக் கொடுப்பது, முறைவைத்துக் கைமாற்றக் கூடியதில்லை என்று சொன்னேன். கூட்டத்தில் சொல்லியிருந்தால் அவருக்கு அவமானமாக இருந்திருக்கும். வீட்டில் சொன்னபோது, "நீ சொல்வது சரிதான்ப்பா" என்று அவரே விலகிக்கொண்டார். எல்லா வாதத்தையும் மேடையில் வைத்துத்தான் வெல்ல வேண்டும் என்பதில்லை.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தை நீங்களே எடுத்து வையுங்கள்

ஆயுதம் கேட்பவர்களிடம் நல்ல வாதம் ஒன்று இருக்கிறது. ஜம்முவின் மலைக்கிராமங்களில் 1990களில் பயங்கரவாதிகள் வந்து கொன்றபோது, 1995இல் அரசே கிராமப் பாதுகாப்புக் குழுக்களை அமைத்து .303 ரைஃபிள் கொடுத்தது. போலீஸ் வந்து சேர முடியாத இடத்தில் உயிர் போகும் ஆபத்து இருந்தால் வெறும் விசில் எதற்கு? இதை நானே எழுந்து சொன்னேன். பிறகு கேட்டேன்: நம் தெருவில் உயிருக்கு ஆபத்து வந்ததா? ஏற்காடு சாலையில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து நாம் எத்தனை தப்படி? ஜம்முவிலும் எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்ல முடியாது. ஆயுதத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் குழுவினர் மீது வழக்குகள் வந்தன. சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளுக்கு எதிராகப் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவலர்களாக்கி ஆயுதம் கொடுத்ததை 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று தடை செய்தது. போதிய பயிற்சி இல்லாத இளைஞரின் கையில் அரசே துப்பாக்கி கொடுக்கக் கூடாது என்றால், குடியிருப்போர் சங்கம் எப்படிக் கொடுக்கும்?

மலைமேல் காட்டுப்பன்றிக்காக நாட்டுத்துப்பாக்கி வைத்திருந்த வீடுகள் இருந்தன என்று ஒருவர் சொன்னார். உண்மைதான். இருட்டில் பன்றி என்று நினைத்து மனிதரைச் சுடுவது எப்படி நடக்கிறது என்று அவரையே கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

உங்கள் தரப்பில் பலவீனமான வாதம் "போலீஸ் பார்த்துக்கொள்ளும்" என்பது. அதைத் தூக்கிப் போடுங்கள். "ஆயுதம் இல்லாத தன்னார்வலரால் ஆபத்தே இல்லை" என்பதையும் நம்பிப் பேசாதீர்கள். போலீஸுக்கு உதவும் தன்னார்வலர்களுக்காக 1993இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய போலீஸ் நண்பர்கள் அமைப்பின் பெயர், தந்தையும் மகனும் போலீஸ் காவலில் இறந்த சாத்தான்குளம் சம்பவத்தை ஒட்டி அடிபட்டது. 2020 ஜூலையில் தமிழக அரசு அதைத் தடை செய்தது. அதிகாரம் தன்னிடம் இருக்கிறது என்ற நினைப்பே ஓர் ஆயுதம்தான்.

முடிவை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள்

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால், அடுத்த திருட்டு நடந்த அன்று உங்களைத்தான் கேட்பார்கள். கொலுசுக்காரப் பெண் கேட்டது சரியான கேள்வி, அதற்குப் பதில் வேண்டும். மூன்றாவது கூட்டத்தில் நாங்கள் எழுதியவை இவை. பகல் 11 முதல் 3 வரை, வீட்டில் இருக்கும் பெரியவர்கள் இரண்டிரண்டு பேராகத் திண்ணையில் உட்காருவது. வெளியூர் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவது. இரவில் இருவராகவே போவது, தனியாக யாரும் போகக் கூடாது. கையில் விசில், டார்ச், செல்பேசி, நோட்டு. தடியும் வேண்டாம், நாய்க்குப் பயந்தவர்கள் குடை வைத்துக்கொள்ளலாம். யாரையாவது பார்த்தால் தொலைவில் நின்றே "ஐயா, யாரைப் பார்க்க வேண்டும்? வழி தெரியவில்லையா?" என்று கேட்பது. துரத்தவோ தொடவோ கூடாது. செயல் எதையாவது பார்த்தால் மூன்று முறை விசில், உடனே 112. யார் போன் செய்வது என்பது அன்றைய நோட்டிலேயே முன்கூட்டி எழுதியிருக்க வேண்டும். இதில் மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன்.

ஒரு விஷயம் என் தொழிலிலிருந்து கொடுத்தேன். ஒவ்வொரு மின்கம்பத்திலும் எண் எழுதியிருக்கும். போனில் "மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால், புளியமரத்துக்குப் பக்கத்தில்" என்று சொல்லிக்கொண்டிருக்காமல் தெருப்பெயரையும் கம்ப எண்ணையும் சொல்லச் சொன்னேன். அழிந்துபோன எண்களைப் பையன்களே பெயின்ட் டப்பாவோடு போய் எழுதிவிட்டார்கள். எரியாத விளக்குகள் ஆறு இருந்தன. கம்ப எண்ணோடு மனு கொடுத்ததும் ஐந்து எரிந்தன. ஆறாவதற்கு இன்னும் அலைந்துகொண்டிருக்கிறேன்.

நோட்டுக்கு ஒரே விதி: செயலை எழுது, ஆளை எழுதாதே. சாதி, மொழி, நிறம், ஊர் எதுவும் கூடாது. மாதக் கடைசியில் மண்டபத்தில் உரக்கப் படிக்கிறோம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஏர்கன் வைத்திருந்த பையன்தான் இப்போது நோட்டை வைத்திருக்கிறான். போன மாதம் அவன் எழுதியதில் ஒரு வரி:

"இரவு 1.50. எண் 17 கம்பம். ஒருவர் பையோடு நின்றார். வழி கேட்டார். அடிவாரம் எந்தப் பக்கம் என்று காட்டினோம். தண்ணீர் கொடுத்தோம். நடந்து போனார்."